பாலகுரு கட்டிய பெட்டிகள்

துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் யாருக்காவது லீவு கிடைத்துவிட்டால், அவர் முதலில் ஊருக்குப் போன் போடுவார். அடுத்து பாலகுருவைத் தேடிப் போவார். பெட்டி கட்ட வேண்டுமே.

பெட்டி கட்டுவதென்றால் வாங்கி வைத்த சாமான்களை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடுவது என்று நினைத்துவிடக் கூடாது. கனமானது அடியில் போக வேண்டும், உடைவது நடுவில், துணிமணி சுற்றிலும். ஷூவுக்குள் சென்ட் பாட்டில், குக்கருக்குள் சோப்பு, போர்வை மடிப்புக்குள் பாதாம். மூடிய பிறகு பெட்டியைச் சாய்த்து, காதை ஒட்ட வைத்து, பாலகுரு ஓர் ஆட்டு ஆட்டுவார். உள்ளே எதுவாவது நகருகிற சத்தம் கேட்டால் போச்சு, மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

கடைசியில் ஏதாவது ஒரு மூலையில் கை நுழைகிற அளவுக்கு இடம் மிஞ்சும். அதை அப்படியே விட அந்த ரூமில் யாருக்கும் மனசு வராது. ஒருத்தர் கோடாலித் தைலம் கொண்டு வருவார், ஒருத்தர் மிட்டாய்ப் பாக்கெட், ஒருத்தர் புதிதாக வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பனியன். போகிறவன் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அது அந்த ரூமின் வழக்கம். அதைக் கொண்டு வந்தவர் பாலகுரு.

"அண்ணன் கட்டுற பெட்டியில காத்துக்குக்கூட விசா கிடையாது" என்பான் பக்கத்துக் கட்டில் அன்பரசன்.

கயிறும் அவர்தான் போடுவார். சாரம் கட்டுகிற ஆளின் முடிச்சு, அவிழாது. டேப்பை ஒட்டி முடிக்கும்போது அதன் நுனியை மட்டும் விரல் அகலத்துக்கு உள்பக்கம் மடித்து விடுவார். பிரிக்கிறவர்கள் அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் டேப் மொத்தமும் வந்துவிடும். கத்தி தேட வேண்டாம், நகத்தைப் பேர்த்துக்கொள்ள வேண்டாம்.

பாலகுருவுக்குக் கமுதிப் பக்கம். பத்தாவது வரை படித்தார். ஊரில் கருவேலங்கட்டையை அடுக்கி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலை. கண் எரிச்சல் தாங்காமல் கல்ஃபுக்கு விமானம் ஏறியவர். முதலில் சவூதியில் தம்மாம், பிறகு துபாய். இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். கட்டுகிற கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயால் சாரம் எழுப்ப வேண்டும், கட்டி முடித்ததும் அவிழ்க்க வேண்டும்.

பெட்டி விஷயம் தம்மாமில்தான் ஆரம்பித்தது. அங்கே ரூமில் இருந்த ரவிசங்கர் என்கிற மன்னார்குடிக்காரர் சைட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உடம்பை அனுப்பக் கம்பெனி ஏற்பாடு செய்தது. அவருடைய சாமான்களைக் கட்டச் சொல்லி ஓர் அட்டைப் பெட்டியையும் கொடுத்தது. உடுப்பு, ஷேவிங் செட்டு, சாமி படம், கவர் பிரிக்காத ஒரு பொம்மை. எல்லாவற்றையும் வைத்த பிறகும் பெட்டி பாதிகூட நிறையவில்லை. மூடலாம் என்று குனிந்த பாலகுருவுக்குக் கை வரவில்லை. இதை ஊரில் அவர் மனைவி பிரிக்கும்போது, இத்தனை வருஷம் இந்த மனுஷன் சேர்த்தது இவ்வளவுதானா என்று நினைக்க மாட்டாளா? தன் கட்டிலுக்கு அடியில் ஊருக்கென்று வைத்திருந்ததை எடுத்து உள்ளே வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பெட்டி நிறைந்தது.

சில மாதம் கழித்து அந்தப் பெண் ரூமுக்குப் போன் செய்தார். மிட்டாயெல்லாம் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள் என்று சொன்னார். அப்புறம், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவருக்குத் தைலம் வாசனையே ஆகாதே, இத்தனை தைல பாட்டில் யாருடையது? பாலகுரு, எல்லாம் அண்ணனோடதுதான்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து காலி மூலையோடு ஒரு பெட்டியையும் அவர் அனுப்பியதில்லை.

துபாய்க்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சத்வாவுக்குப் போவார். அங்கே தையல் கடைகளுக்கு நடுவில் கௌஸ் முகைதீனின் சில்லறைச் சாமான் கடை இருந்தது. கௌஸுக்குக் கீழக்கரை. ராமநாதபுரத்துப் பேச்சு கேட்டால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுகிற மனிதர். அவருடைய மகள் ஹிஃப்ஸா துபாயிலேயே பிறந்து வளர்ந்து காலேஜ் முடித்தவள். காசாவில் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஜனங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்பும் ஒரு நிவாரண அமைப்பில் அவள் தன்னார்வலர்களைக் கவனிக்கிற பொறுப்பில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்ட ஆள் போதவில்லை என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். கௌஸ் பாலகுருவிடம் சொன்னார். பாலகுரு கேம்பில் சொன்னார்.

வாரத்தில் ஒரு நாள்தான் தூக்கம், அதையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். காசாவில் உனக்கு மாமனா மச்சானா என்று ஒருத்தர் கேட்டார். பெட்டி கட்ட ஆள் இல்லையாம், எனக்கு அது ஒண்ணுதான் உருப்படியாத் தெரியும் என்றார் பாலகுரு. அன்பரசனும் இன்னும் சிலரும் கூடக் கிளம்பினார்கள். கௌஸ் வேன் அனுப்பினார்.

அது பெரிய ஹால். நீள நீளமான மேஜைகள். காலிப் பெட்டி ஒரு முனையில் கிளம்பும். ஒருத்தர் அரிசி வைப்பார், அடுத்தவர் பருப்பு, அடுத்தவர் மீன் டின், பேரீச்சம்பழம், எண்ணெய், சோப்பு. கடைசி மேஜையில் இருப்பவர் சரிபார்த்து மூடி டேப் ஒட்டுவார். பெட்டிகளைப் பேலட் எனும் பலகைத் தட்டின் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வண்டி ஏற்றுவார்கள். பாலகுருவின் கையைப் பார்த்த ஹிஃப்ஸா, முதல் நாளே அவரைக் கடைசி மேஜைக்கு அனுப்பிவிட்டாள்.

"அங்கிள், லிஸ்ட்ல இருக்கிறது மட்டும்தான். எக்ஸ்ட்ரா எதுவும் உள்ளே போகக்கூடாது, ஓகே?" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

பழைய துணி, பாதி தின்ற பிஸ்கட் என்று சிலர் கண்டதைக் கொண்டுவந்து திணிப்பார்கள் போலிருக்கிறது, அதைத்தான் இந்தப் பிள்ளை சொல்கிறது என்று பாலகுரு எடுத்துக்கொண்டார். சரிம்மா என்றார்.

அந்தப் பெட்டியில் எண்ணெய் பாட்டிலுக்கும் மீன் டின்னுக்கும் நடுவே கையளவு இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அதே இடத்தில். மூடிவிட்டு ஆட்டினால் டின் போய் பாட்டிலில் இடிக்கும் சத்தம். முதல் ஞாயிறு அவர் பழைய பேப்பரைச் சுருட்டி அந்த இடத்தை அடைத்தார். வேலை ஓடியது. ஆனால் மனசு நிறையவில்லை. எங்கேயோ பசியோடு இருக்கிற ஒரு வீட்டுக்குப் பேப்பரைக் கட்டி அனுப்புகிறோமே என்று ரூமுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அன்பரசனின் செல்லில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு கூடாரத்துக்குள் இருட்டு. ஒரு பெண் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளிச்சம் அணைந்துவிட்டது. வீடியோ மட்டும் ஓடியது. கறுப்புத் திரையில் குழந்தை அழுகிற சத்தமும், அதைச் சமாதானப்படுத்துகிற சத்தமும்.

அடுத்த ஞாயிறு வேன் ஏறுவதற்கு முன் பாலகுரு கௌஸின் கடைக்குப் போனார். சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற குட்டி டார்ச்சுகள் அங்கே உண்டு. தட்டில் குழி குழியாக அடுக்கி, மேலே மூடி போட்ட டப்பாவாக வரும். ஒரு டப்பாவை முழுசாகக் கேட்டார். கௌஸ் சிரித்துக்கொண்டே புது டப்பாவின் சீலைப் பிரித்து எரிகிறதா என்று ஒன்றை அழுத்திக் காட்டி, ஊரில் அத்தனை பிள்ளைகளா உங்களுக்கு என்றார். பாலகுரு ஆமாம் என்று சொல்லி வைத்தார்.

அன்றும் அதற்கடுத்த ஞாயிறும், கையில் கிடைத்த பெட்டிகளில் பேப்பருக்குப் பதிலாக ஒரு டார்ச் வைத்து, மேலே கொஞ்சம் பேப்பர் சொருகி மூடினார். தட்டு காலியாகும் வரை வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்று நினைத்து மறைக்கவில்லை. மூலையில் வைப்பதைப் போய் யாரும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு வாரமும் கேம்பில் அவர் முகம் தனியாகத் தெரிந்தது என்று அன்பரசன் பின்னால் சொன்னான். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தாராம்.

அதற்கடுத்த ஞாயிறு ஹாலுக்குள் நுழைந்ததும் ஹிஃப்ஸா எல்லோரையும் நிற்கவைத்தாள். வேறொரு ஊரிலிருந்து வேறு யாரோ அனுப்பிய நிவாரண லாரி ஒன்றை எல்லைச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெட்டிகளில் ஒன்றே ஒன்றில் லிஸ்டில் இல்லாத நகவெட்டி செட் ஒன்று இருந்திருக்கிறது. யாரோ ஒரு நல்ல மனசு. அந்த ஒன்றுக்காக லாரியில் இருந்த எல்லாவற்றையும் திருப்பிவிட்டார்கள். வெயிலில் நின்று நின்று பாதிச் சாமான் வீணாகிவிட்டது.

"பேட்டரி, கத்தரிக்கோல், டார்ச், மருந்து, எது உள்ளே போகும், எது போகாதுன்னு நம்ம யாருக்கும் தெரியாது. அதனாலதான் லிஸ்ட். ப்ளீஸ்" என்றாள்.

டார்ச் என்ற சொல்லுக்கு மேல் பாலகுருவின் காதில் எதுவும் ஏறவில்லை. அன்று அவர் டேப் ஒட்டிய பெட்டிகளில் கோணலாக ஒட்டாதது அபூர்வம்.

சாயங்காலம் சத்வாவுக்குப் போனார். கடையில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாய், அன்னைக்கு வாங்கிட்டுப் போனேனே டார்ச்சு."

"ஊருக்குப் போட்டு விட்டாச்சா?"

"ஊருக்கு இல்ல பாய். ஹால்ல, பெட்டிக்குள்ள வச்சுட்டேன்."

கௌஸ் கையிலிருந்த சாமானை அப்படியே மேஜை மேல் வைத்தார். வாசலில் நின்றவரிடம், நாளைக்கு வாங்க என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வருகிற ஆட்கள் எல்லோருக்கும் நான் பொறுப்பு என்று மகள் கையெழுத்துப் போட்டிருப்பதைச் சொன்னார். அவர் குரல் உயரவில்லை.

"தெரியும் பாய்."

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு இரிங்க. எல்லாப் பெட்டியையும் பிரிச்சா பார்க்கப் போறான்? ஆண்டவன் கொண்டு சேர்ப்பான். கலாஸ்."

பாலகுரு எழுந்திருக்கவில்லை. கௌஸ் மறுபடியும் ஆரம்பித்தார். நிவாரணப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் சாமான் வைத்தது என்று வழக்கு வந்தால் அது எங்கே போய் முடியும் என்று யோசித்தாரா? கம்பெனி விசாவை வெட்டி அனுப்பிவிடும். பாலகுருவாவது ஊருக்குப் போய் ஏதோ ஒரு வேலை பார்ப்பார். டார்ச் இந்தக் கடையில் வாங்கியது. மகள் பேர் காகிதத்தில் இருக்கிறது. தான் எங்கே போவது?

"உங்க நல்ல மனசுக்கு நாங்களா பாலகுரு கிடைச்சோம்?" என்று கேட்டார் கடைசியாக.

பாலகுரு ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். பஸ் பிடித்து கேம்புக்கு வந்தார். மனைவி பானுமதி போன் செய்தார். நர்சிங் படிக்கிற மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தி, என்ன, குரல் உள்ளே போயிருக்கு என்று கேட்டார். சளி என்றார் பாலகுரு.

மறுநாள் வேலைக்குப் போனார். உயரத்தில் நிற்கிறபோது அவருக்கு ஒருநாளும் கீழே பார்க்கத் தோன்றியதில்லை. அன்று பார்த்தார். சிமெண்ட் ஏற்றி வந்த லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஏதோ பேப்பர் சரியில்லை என்று செக்யூரிட்டி முதல் லாரியை நிறுத்தி வைத்திருந்தார். பின்னால் நின்றவை எல்லாம் அதனால் நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழல் தேடி ஒதுங்கினார்கள். அந்த லாரிகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாரோ, ஃபோர்மேன் கீழேயிருந்து ஜல்தி ஜல்தி என்று கத்தினார்.

தான் வைத்த டார்ச் போய்ச் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு வெளிச்சம். சேராவிட்டால் ஒரு லாரிச் சாப்பாடு. இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. இருந்தும் அவருடைய பயம் வேறு பக்கம் இழுத்தது. மகள் படிப்பு பாதியில் இருக்கிறது. ஹிஃப்ஸா அவளைவிடச் சில வயது மூத்த பிள்ளை. சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. சொல்லாவிட்டாலும் என்றைக்காவது அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமல் ஹிஃப்ஸாவுக்குப் போன் போட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் உங்ககிட்ட சொன்னேன்ல அங்கிள்?"

"சொன்னீங்கம்மா."

"புரியலையா?"

"புரிஞ்சது."

அவள் இங்கிலீஷில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அந்த இரண்டு ஞாயிறும் கட்டிய பேலட்டுகள் புஜைரா துறைமுகத்துக்குப் பக்கத்துக் குடோனுக்குப் போய்விட்டன. மறுநாள் கப்பல் ஏற்றுகிறார்கள். அமைப்பின் பெரியவர்களிடம் அவள் இப்போதே பேசியாக வேண்டும். நீங்கள் வந்தால்தான் எந்தப் பெட்டி என்று தெரியும் என்றாள்.

மறுநாள் காலை வயிற்று வலி என்று சொல்லி பாலகுரு டூட்டிக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. ஓட்டியவர் கௌஸ், பக்கத்தில் ஹிஃப்ஸா. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். கார் மலைகளுக்கு நடுவே போகிற நீளமான ரோட்டைப் பிடித்தது. ஒரு பெட்ரோல் பங்க்கில் கௌஸ் இறங்கிப் போய் மூன்று டீ வாங்கி வந்தார். பின் சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே ஒன்றை நீட்டினார். பாலகுரு வாங்கிக்கொண்டார்.

குடோன் சூபர்வைசர் அபு காலித் என்கிற பாலஸ்தீனக்காரர், நரைத்த தாடி. ஹிஃப்ஸா அவரிடம் அரபியில் பேசி முடிக்கும் வரை பாலகுரு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டு விழும், குறைந்தது ஒரு தள்ளாவது விழும் என்று எதிர்பார்த்தார். எதுவும் விழவில்லை. எந்தப் பெட்டி என்று மட்டும் அந்த மனிதர் கையால் கேட்டார்.

டேப் நுனி மடித்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் பாலகுரு வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் பேலட்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் மடித்த நுனி தெரிந்தது. பக்கத்துப் பெட்டியிலும் தெரிந்தது. அதற்கடுத்ததிலும். அன்பரசன், அவனுக்கு அடுத்த மேஜைக்காரன், அதற்கடுத்தவன், எல்லோரும் அவரைப் பார்த்துப் பழகி நுனியை மடித்திருந்தார்கள். மடித்தது தன் கையா பிறர் கையா என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றார் கௌஸ். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் பெட்டியை அவரே இழுத்தார்.

நுனி மடித்த பெட்டி ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரி, பாட்டிலுக்கும் டின்னுக்கும் நடுவே கையை விடு, பேப்பரைத் துழாவு. பெரும்பாலும் பேப்பர்தான் இருந்தது. எப்போதாவது விரலில் சில்லென்று இரும்பு பட்டது. கிடைத்த டார்ச்சை, பாலகுரு கையோடு கொண்டு வந்திருந்த பழைய தட்டின் குழியில் வைத்தார்கள். அபு காலித் குடோன் ஆட்கள் சிலரையும் கூட விட்டார். அவசரத்தில் பெட்டிகள் கிழிந்தன. ஓர் எண்ணெய் பாட்டில் உடைந்து கீழிருந்த பெட்டிகளின் அரிசியெல்லாம் நனைந்தது. பாலகுரு அதைக் கைக்குட்டையால் துடைக்கப் போனார். ஹிஃப்ஸா, விடுங்க அங்கிள், அது இனி ஆகாது என்றாள்.

நடுவில் ஒருமுறை அபு காலித் வந்து ஒரு டார்ச்சைக் கையில் எடுத்தார். அழுத்தினார். பட்டப்பகலில் அந்த வெளிச்சம் இருப்பதே தெரியவில்லை. உள்ளங்கையைக் குவித்து அதற்குள் அடித்துப் பார்த்தார்.

"லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்கிறார்.

தம்மாமில் கற்ற அரபி எல்லாம் அந்த நேரத்தில் பாலகுருவுக்கு மறந்துபோனது. "அங்க... லைட் மாஃபி" என்றார். வெளிச்சம் இல்லையே என்கிற அர்த்தத்தில்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். தன் தங்கை அங்கே இருக்கிறாள் என்று ஹிஃப்ஸாவிடம் சொன்னார். இருட்டைப் பற்றித்தான் அவளும் சொல்லுவாளாம், போன் கிடைக்கிற நாட்களில். டார்ச்சை அணைத்துத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு லாரிகள் நிற்கிற பக்கம் போய்விட்டார்.

துறைமுகத்து லாரிகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. நுனி மடித்த பெட்டி கண்ணில் படாத பேலட்டுகளை அவை முதலிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பிரித்த பேலட்டுகளைத் திரும்ப அடுக்கிச் சுற்றுவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. சிலதுதான் ஏறின. மீதி எல்லாம், கிழிந்ததும் நனைந்ததுமாக, குடோனிலேயே நின்றுவிட்டது. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

கடைசிப் பெட்டியையும் பார்த்து முடித்து பாலகுரு தட்டைத் தூக்கினார். எல்லாக் குழியும் நிறைந்திருந்தது, ஓரத்தில் ஒன்றைத் தவிர.

தரையில் தேடினார்கள். கிழிந்த அட்டைக்கு அடியில் தேடினார்கள். கௌஸ் பாலகுருவின் சட்டைப் பையைக்கூடத் தடவிப் பார்த்தார்.

"வாங்கும்போது தட்டு ஃபுல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் ஹிஃப்ஸா.

"புது டப்பா. நான்தான் சீல் பிரிச்சேன்" என்றார் கௌஸ். இரண்டு நாள் முன்னால் என்றால் அவர் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

"ஒண்ணு குறையுதும்மா" என்றார் பாலகுரு. "முன்னாடியே போன பேலட்டுல, உள்பக்கம் எங்கயாச்சும் இருக்கும். என் கைதான்."

ஹிஃப்ஸா நேராக அபு காலித்திடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஒன்றைத் தேடி எல்லாவற்றையும் கப்பலிலிருந்து இறக்கினால் எல்லாமே நின்றுபோகும் என்றார். இறக்காவிட்டால் எந்த லாரி மாட்டும் என்று தெரியாது என்றும் அவரே சொன்னார். அப்புறம் கடைசி லாரிக்காரரைப் பார்த்து, யல்லா என்று கையை வீசினார். கதவைச் சாத்தினார்கள். லாரி கிளம்பியது.

வழக்கு எதுவும் வரவில்லை. அமைப்பின் பெரியவர்கள் ஹிஃப்ஸாவை உட்காரவைத்து நிறையக் கேட்டார்கள் என்று கௌஸ் சொல்லித் தெரியும். என்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேம்பிலிருந்து யாரும் இனி வர வேண்டாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை வேன் நின்றது. உன்னாலே எங்களுக்கும் கெட்ட பேர் என்று கூடப் போனவர்களில் சிலர் பாலகுருவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்பரசன் மட்டும் பேசினான். பாலகுரு இப்போதும் சத்வாவுக்குப் போவதுண்டு. கௌஸ் ஸ்டூலை இழுத்துப் போடுவார். ராமநாதபுரத்தில் மழை உண்டா என்பது போல ஏதாவது பேசுவார்கள். டார்ச் விற்கிற அலமாரிப் பக்கம் இருவரும் பார்க்க மாட்டார்கள்.

மற்ற நேரமெல்லாம் பாலகுருவுக்கு அந்த ஒரு டார்ச்தான் நினைப்பு. அது யார் கண்ணிலும் படாமல் ஒரு கூடாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வேண்டுவார். வேண்டிய வாயாலேயே, அது கடலோடு போயிருக்கக் கூடாதா, பெட்டி கவிழ்ந்து எங்காவது விழுந்திருக்கக் கூடாதா என்றும் வேண்டுவார். எதைக் கேட்கிறோம் என்று சாமிக்கே குழப்பமாக இருக்கும்.

அன்பரசனுக்கு லீவு வந்தது. பெட்டி கட்டுகிற அன்று ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள், பேசாதவர்களும்கூட. பாலகுரு அடியில் வைக்க வேண்டியதை அடியில் வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது செல்லில் சத்தம் வந்தது. ஹிஃப்ஸாவின் குரல் பதிவு. புஜைராவுக்குப் பிறகு அவள் அனுப்பிய முதல் பதிவு. எழுந்து ஜன்னலோரம் போய்க் காதில் வைத்துக் கேட்டார்.

"அங்கிள், நம்ம லாரிங்க உள்ளே போயிடுச்சு. ஒண்ணை மட்டும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு சொல்லலை. அவங்க எப்பவும் காரணம் சொல்றதில்லை. அது உங்களோடதுன்னு அர்த்தம் இல்லை, ஓகே? ஆனா உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு."

அதையே மறுபடியும் கேட்டார்.

திரும்பி வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். மூடிச் சாய்த்து ஆட்டினார். உள்ளே ஏதோ நகர்ந்தது. பிரித்துப் பார்த்தால், குக்கருக்குப் பக்கத்தில் கையளவு இடம் காலி. ஒருத்தர் சோப்பு எடுக்க எழுந்தார். அதற்குள் அன்பரசன் குனிந்து பாலகுருவின் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தத் தட்டை இழுத்தான்.

"இதுல ஒண்ணு ரெண்டு போடுண்ணே. எங்க ஊர்லயும் கரண்ட் போகும். சும்மாதான கெடக்கு."

பாலகுரு தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நிறைந்த குழிகளையும் ஓரத்தில் இருந்த காலிக் குழியையும் பார்த்தார்.

"அது போற இடம் வேற" என்றார்.

தட்டை மூடிக் கட்டிலுக்கு அடியில் சுவர் வரைக்கும் தள்ளினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் துண்டை உருவி நான்காக மடித்து குக்கருக்குப் பக்கத்தில் சொருகினார். பெட்டியை மூடினார். டேப்பை ஒட்டி, அறுத்து, கடைசி விரல் அகலத்தில் கை நின்றது. அன்பரசன் பார்த்துக்கொண்டே இருந்தான். பாலகுரு நுனியை மடித்து ஒட்டிவிட்டுக் கயிற்றை எடுத்தார்.